சர்க்குலர் நம்பர் நாற்பத்தேழுக்கு ஆறாம் நம்பர் வீட்டின் எதிர்ச்சொல்

அன்பிலும் அதட்டலிலும் குறைவே வைக்காத பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் குடும்பச் சுற்றறிக்கைப் பட்டியலில் ஆறாம் நம்பர் வீட்டுக்காரன், அதாவது தங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாகத் தலையாட்டிக் கழுத்து தேய்ந்தவன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் தங்கை நலம். மகளும் நலம் என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். நானும் நலம், ஆனால் மீசை போய்விட்டது, அது எப்படிப் போனது என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். தங்கள் வீட்டு அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் பிரஷர் இந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் வரைக்குமாவது கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மாத்திரையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

நிற்க. மரியாதைக்கு எழுதியது, நீங்கள் உட்கார்ந்தே படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை தங்கள் சர்க்குலர் நம்பர் நாற்பத்தேழு வந்து சேர்ந்தது. ஹெட் கிளார்க் வேலையிலிருந்து தாங்கள் ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகிறது, ஆனால் தங்கள் கை ரிட்டயர் ஆகவில்லை என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி. மேலே 'பொருள்' என்று போட்டு, 'குடும்பப் பெண் பஸ் ஓட்டுவது சம்பந்தமாக' என்று கோடு இழுத்திருந்தீர்கள். கீழே முடிவு. என் மகள் டிப்போவில் பஸ் பாஸ் கொடுக்கும் கவுண்ட்டரிலேயே இருந்துகொள்ள வேண்டியது. அவளுக்கு வந்திருக்கும் டிரைவர் வேலை ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டியது. கடைசியில் சிவப்பு மையில் இங்கிலீஷில் ஒரு வரி: 'நோ மெம்பர் ஷல் கெயின்சே திஸ்.' அதற்குப் பின்னால் ஏழு வீட்டுச் சம்மதக் கடிதமும் குண்டூசி குத்தி வரிசையாக இருந்தது. ஆறாவது காகிதத்தில் 'படித்தேன், சம்மதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் வால் நீண்ட ஒரு கையெழுத்து. அது என் கையெழுத்து. ஆனால் மச்சான், அந்த விஷயத்தை நான் அந்த நிமிஷம்தான் முதல் முதலாகப் படித்தேன்.

தங்களுக்கு மறந்திருக்கலாம், ஞாபகப்படுத்துகிறேன். நாலு வருஷத்துக்கு முன் 'ஆறாம் நம்பர் வீட்டால் தாமதம்' என்று எனக்கு மட்டும் தனியாக மெமோ அனுப்பினீர்கள். நானும் ரோஷப்பட்டு, ஒரே உட்காரலில் பதினைந்து வெள்ளைக் காகிதத்தில் 'படித்தேன், சம்மதம்' எழுதிக் கையெழுத்துப் போட்டு, மொத்தமாகக் கவரில் வைத்து அனுப்பிவிட்டேன். இனிமேல் தாமதமே ஆகாது பாருங்கள் என்று ஒரு திமிர். அதிலிருந்து நான் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று மற்ற வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. நான் பீடியை விட்டுவிட்டேனாம், அதற்கு நானே சம்மதமாம். குடும்ப போட்டோவில் நான் பின் வரிசையில் நிற்க நானே சம்மதமாம். போன வருஷம் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தபோது 'உங்க மச்சான் லெட்டர் அனுப்பியிருக்காரே, நீங்க ஒத்துக்கிட்டதா' என்று காட்டினாரே, அதுவும் அந்தப் பதினைந்தில் ஒன்று. அதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். போனது என் பல், என் பீடி. இது என் பெண்ணின் வேலை.

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. தைத்து வந்த காக்கிச் சட்டையை மடித்து, பொத்தானெல்லாம் போட்டு, அலமாரியில் அடித்தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இதுல நீங்களே சம்மதம்னு போட்டிருக்கீங்களே."

"அது படிக்காம போட்டதும்மா."

"படிக்காம போட்டாலும் கையெழுத்து உங்களுதுதானே."

"கையெழுத்து என்னுது. சம்மதம் என்னுது இல்ல."

"மாமா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

நான் குண்டூசியைப் பிடுங்கி மறுபடி அதே ஓட்டையில் குத்தினேன். அவளும் எழுந்து போய்விட்டாள். தாய்மாமன் வேண்டாம் என்று சொன்னதை மீறி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவளைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள், அவள் அப்படித்தான் இருப்பாள். திங்கட்கிழமை காலை டிப்போவில் போய் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளுக்கு ஆர்டர் போய்விடும். எனக்கு இருந்தது அஞ்சே அஞ்சு நாள்.

தங்களை எதிர்த்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அந்தச் சிவப்பு வரி கண்ணில் குத்தியது. என்ன செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றே தெரியாமல் எப்படி அதைச் செய்வது? நான் ஆறாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க நான் வேலை பார்த்த சலவைக் கம்பெனியில் பாய்லர் மேல் தகட்டில் அடித்திருந்ததுதான். ஸ்டாப், டேஞ்சர், ஓப்பன் ஸ்லோலி, டூ நாட் டச். அதை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன், குடும்ப வாழ்க்கைக்கும் அதுவே போதுமாக இருந்தது. ஆனால் கெயின்சே எந்தத் தகட்டிலும் இல்லை.

அந்த வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு முதலில் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன், அந்தக் கடைக்காரர்தான் எங்கள் தெருவில் தினமும் இங்கிலீஷ் படிக்கிறவர். சீட்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இப்ப வர்றதில்லீங்க, கம்பெனியே நிறுத்திட்டான், இதே மாதிரி வேற தரட்டுமா?" என்றார். "எதுக்கு மாதிரி?" என்றேன். "வயித்துக்குத்தானே?" என்றார். ஆமாம், வயித்தெரிச்சலுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் அம்மா. அவர்கள் சீட்டைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்கள். "இந்த வார்த்தையை நானே நூறு தடவை அடிச்சிருப்பேன்."

"அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் எனக்கு எதுக்கு? இது வந்தா கட்சிக்காரங்க பயந்துடுவாங்க. அதுக்காகத்தான் வக்கீல் போடச் சொல்லுவாரு."

பார்த்தீர்களா மச்சான், தாங்களும் அதற்காகத்தான் போட்டீர்களோ? கோபிக்க வேண்டாம், சும்மா கேட்டேன்.

வியாழக்கிழமை நூலகம். அங்கே இருக்கும் அம்மா தலையணை சைஸில் ஒரு டிக்‌ஷனரியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜையில் போட்டார்கள், தூசி கிளம்பி நான் மூன்று தும்மல் போட்டேன், எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் 'உஷ்' என்றார். தும்மலை எப்படி உஷ் பண்ணுவது? அந்த அம்மா பூதக்கண்ணாடியை வைத்து விரலால் வரி வரியாக இறங்கினார்கள்.

"இதோ. ஒருத்தர் சொன்னதை மறுத்துச் சொல்றது. இல்லைங்கறது. எதிர்த்துப் பேசறது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா ரொம்பப் பழைய வார்த்தை. ரெண்டு துண்டு சேர்ந்தது. பின் துண்டு 'சே', சொல்றது. முன் துண்டு 'கெயின்'. லாபம்னு நினைச்சுக்காதீங்க, அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. பழைய இங்கிலீஷ்ல அதுக்கு அர்த்தம் 'எதிரே'. 'அகெய்ன்ஸ்ட்'னு இப்ப சொல்றோமே, அதுக்குச் சொந்தக்காரன்."

"அப்ப எதிர், சொல். எதிர்ச்சொல்."

"அதேதான். நம்ம ஆளுங்க செஞ்ச மாதிரியே அவங்களும் செஞ்சிருக்காங்க."

பேப்பர்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எதிர்த்துப் பேசறதுக்கு டிக்‌ஷனரி எதுக்குங்க, எங்க வீட்டுக்கு வாங்க, காலையில ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்" என்றார். இப்போது நான் 'உஷ்' என்றேன்.

அந்த அம்மா இன்னும் படித்தார்கள். இதே தலையை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் நிறைய வார்த்தை இருந்ததாம். எதிர்த்து நிற்பதற்குக் கூட ஒன்று இருந்ததாம். ஒவ்வொன்றாகப் புழக்கத்திலிருந்து போய், இது ஒன்றுதான் அந்தக் குடும்பத்தில் இன்னும் நடமாடுகிறதாம். அதுவும் இப்போது தனியாக வெளியே வருவது அபூர்வம். வந்தால் முன்னால் ஒரு 'நோ'வோடுதான் வரும். மறுக்க முடியாது, மறுக்கக் கூடாது, மறுப்பதற்கில்லை, இப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது மச்சான். எதிர்த்துப் பேசறதுக்குன்னே பெத்து விட்ட பிள்ளை, அது வாசப்படி தாண்டும்போதெல்லாம் கூடவே ஒரு 'கூடாது' காவலுக்கு வருது. நம்ம சொந்தக்கார வார்த்தைதான் போலிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இன்னொன்றும் தோன்றியது. எதிர் என்றால் முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு இந்த வார்த்தை ஆகாது. முதுகுக்குப் பின்னால் நான் தங்களை எவ்வளவோ பேசியிருக்கிறேன், அதில் எனக்குப் பயிற்சி இருக்கிறது, தங்கள் நடையைப் போல் நடந்தும் காட்டியிருக்கிறேன், அக்காவே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். எதிரே நின்று சொல்வதற்குத்தான் பயிற்சி இல்லை. சரி, யாரிடமாவது சொல்லிப் பழகலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன். முதல் ஆளாக நான் பிடித்தது முடிதிருத்தும் கடைக்காரரை.

அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "மீசை இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, குறைச்சிடட்டுமா?" என்றார்.

"இல்லை" என்றேன். வாழ்நாளில் முதல் தடவை, நேருக்கு நேர். எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா!

"இல்லையா? கண்ணாடியில பாருங்க."

"பாத்துட்டேன். இல்லை."

"முப்பது வருஷமா மீசை வெட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

கடையில் காத்திருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் இடது தூக்கல் என்றார், ஒருவர் வலது இறக்கம் என்றார். கடைக்காரருக்கு மானப் பிரச்னை ஆகிவிட்டது. இடதைத் தொட்டார், நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், கத்தி ஓர் இழுப்பு இழுத்துவிட்டது. அதைச் சரிக்கட்ட வலது. வலதைச் சரிக்கட்ட மறுபடி இடது. கடைசியில் இரண்டு பக்கமும் சமமானது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. கத்தி பிடிச்சிருக்கிறவங்ககிட்ட எதிர்ச்சொல் சொன்னா தலையை ஆட்டாம சொல்லணும், இது அந்த டிக்‌ஷனரியில இல்ல, நானே கண்டுபிடிச்சது.

வீட்டுக்கு வந்தேன். மகள் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாருப்பா நீங்க?" என்றாள். அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, டிரைவிங் டெஸ்ட் அன்றைக்கு என்னதான் நடந்தது, முழுசாகச் சொல் என்றேன். அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெரிய பஸ், இரண்டு வரிசை டிரம், நடுவில் பின்பக்கமாகவே கொண்டு போய் நிறுத்த வேண்டும். நிறுத்தினாள். டெஸ்ட் எடுத்த அதிகாரி, "அதிர்ஷ்டம்மா, இன்னொரு தடவை செய்" என்றாராம். செய்தாள். டிரம்மை இன்னும் நெருக்கி வைக்கச் சொன்னாராம். மூன்றாவது தடவையும் ஒரு டிரம் கூட அசையவில்லை. "பதினோரு வருஷமா கவுண்ட்டர் ஜன்னல் வழியா பஸ்ஸோட முதுகைத்தான் பாத்துட்டிருக்கேன்பா, பின்பக்கம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் இரண்டு கையும் மடியில் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. அவளுக்கே தெரியாது. நான் பாத்தேன் மச்சான். அதைப் பாத்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊர் சிரிக்கும் என்பதெல்லாம் சர்க்குலருக்கு. ரோட்டில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தங்களுக்குப் பயம். அதை எழுத வெட்கப்பட்டு இங்கிலீஷில் ஒரு வரி போட்டீர்கள். பயப்படுகிறவரை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நானும் அதே ரகம். ஆனால் பாய்லர் ரூமில் என் கை வெந்து போன வருஷத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு விரலை எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன், உங்கள் தங்கை தலையாட்டினாள், சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நீங்கள் ஒருத்தர்தான் அவர் எதிரே போய் நின்று, "எடுக்கக் கூடாது சார், இன்னும் பத்து நாள் பாருங்க" என்றீர்கள். அவர் கத்தினார். நீங்க கத்தல. நகரவும் இல்ல. அந்த வார்டு பெஞ்சில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தீர்கள். இந்தக் கடிதத்தை எழுதுகிற பேனாவை அந்த இரண்டு விரல்தான் பிடித்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று அன்றைக்கு நீங்கள் சொன்னீர்களே, அதற்குப் பேர்தான் மச்சான் அந்தச் சிவப்பு மை வார்த்தை. அர்த்தம் தெரியாத காலத்துலயே நீங்க அதைச் செஞ்சு காட்டிட்டீங்க, இப்ப எங்களை மட்டும் செய்யாதீங்கன்னா எப்படி?

ஆகவே, ஆறாம் நம்பர் வீட்டுக்காரனாகிய நான், சுயநினைவோடும், முழுசாகப் படித்துப் பார்த்தும், மீசை இல்லாமலும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்: முதலில் என்னை நானே மறுக்கிறேன். அந்தச் சம்மதம் செல்லாது. அடுத்து, நேருக்கு நேர் நிற்க முடியாத தூரத்தில் இருப்பதால் இந்தக் காகிதத்தை என் முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், தங்களையும் மறுக்கிறேன். படித்தேன், சம்மதமில்லை. என் மகள் திங்கட்கிழமை போய்ச் சேரட்டும். நீங்கள் ஒரு வார்த்தை, சரி போ என்று அவளிடம் சொல்லுங்கள். சண்டை இல்லை, உறவு முறிவு இல்லை, அந்த டிக்‌ஷனரியில் அந்த வார்த்தைக்குப் போட்டிருக்கும் அர்த்தத்தில் சண்டை என்று ஒரு வார்த்தை கூட இல்லை, நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். மீதி இருக்கும் என் வெள்ளைக் காகிதங்களைத் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். அடுத்த சர்க்குலரில் என்னை அக்காவின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற விட்டுவிடுவீர்களோ என்று எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

தாங்களும் அக்காவும் பல்லும் முழங்காலும் பிரஷரும் அவரவர் இடத்தில் அடங்கி ஒடுங்கி இருக்க, நீண்ட நாள் எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்த வயதில்லாததால் கும்பிடுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதல் கொஞ்சம் குறைந்த,
ஆறாம் நம்பர் வீட்டு மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். கவருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே முன் அறையில் உங்கள் தங்கை போன் பேசும் சத்தம் கேட்டது. வாரா வாரம் உங்களோடு பேசுகிறாள், முப்பத்தெட்டு வருஷத்தில் 'சரிண்ணே' தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இன்றைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "அண்ணே, திங்கக்கிழமை அவ வேலைக்குப் போறா" என்றாள். அப்புறம் நீங்கள் ஏதோ நீளமாகப் பேசினீர்கள். "இல்லண்ணே" என்றாள். மறுபடி பேசினீர்கள். "இல்லண்ணே." கத்தவில்லை, நகரவில்லை, காய் நறுக்கிய கத்தி கூடக் கையிலேயே இருந்தது. எனக்குப் பசை காய்ந்துவிட்டது. பிறகு அவள், "பன்னெண்டாம் நம்பர் ரூட், காலையில ஆறே கால் வண்டி. ட்ரெய்னிங் முடிஞ்சதும் முதல் ட்ரிப்" என்று சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது, நீங்கள் எந்த ரூட் என்று கேட்டிருக்கிறீர்கள். நூலகம், டிக்‌ஷனரி, தும்மல், என் மீசை எல்லாம் வீணாய்ப் போனதுதான் மிச்சம். காக்கிச் சட்டை அடித்தட்டிலிருந்து மேலே வந்துவிட்டது, இப்போது இஸ்திரி ஆகிறது. முதல் ட்ரிப்பில் நீங்களும் ஏற வருகிறீர்களாம், டிரைவருக்கு நேர் பின் சீட்டு வேண்டுமாம். மகளிடம் சொன்னேன். மாமா தாராளமாக வரட்டும், ஆனால் ஸ்டாப்பில் எல்லாரையும் போலக் கையைக் காட்டணும், காட்டினால்தான் நிறுத்துவேன் என்கிறாள்.